காப்புக் கட்டிய ஊரில் சாரதா அக்கா

குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்த நேரத்தில்தான் அந்தச் செய்தி வந்தது. கோரிப்பாளையத்தில் எங்கள் தெருவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் விடிந்தும் விடியாமலும் தண்ணீர் விடுவார்கள். குடத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போனை எடுக்க மனம் வரவில்லை. அது அடித்து ஓய்ந்து மறுபடியும் அடித்தது. ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எடுத்தேன். சாரதா அக்காவின் தம்பி மகள் பேசினாள்.

"ஆன்ட்டி, அத்தை போயிட்டாங்க. தலைவலிக்குதுன்னு சொல்லிட்டுப் படுத்தாங்க. காலையில எந்திரிக்கவே இல்ல."

இன்னா லில்லாஹி என்று வாய் தானாகச் சொன்னது. குடம் நிரம்பி வழிந்து வாசல்வரை ஓடிக்கொண்டிருந்தது. என் மருமகள் வந்துதான் குழாயை மூடினாள்.

இதைப் படிக்கிற பலருக்கு அவரைத் தெரியும். கொட்டாம்பட்டிக்கு உள்ளே, நெடுஞ்சாலையை விட்டு விலகி, மினிபஸ் திரும்பிப் போகும் ஊர்களில் அவரைச் சாரதா என்று சொன்னால் யோசிப்பார்கள். தண்ணி டீச்சர் என்றால் உடனே தெரியும். குடிக்கிற தண்ணீரைச் சுத்தமாக வைப்பது எப்படி, கை கழுவுவது எப்படி, வயிற்றுப்போக்கு வந்த பிள்ளைக்கு உப்பும் சர்க்கரையும் கலந்து கொடுப்பது எப்படி என்று அந்த ஊர்களுக்குச் சொல்லித்தருவது அவர் வேலை. அதே தொண்டு நிறுவனத்தில் தண்ணீரைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் திரும்பினோம். போகும்போது பேசிக்கொண்டே போவோம், வரும்போது பெரும்பாலும் சண்டை.

கே.கே. நகரில் அவர் தம்பி வீட்டு வாசலில் அன்றைக்கு நல்ல கூட்டம். சௌராஷ்டிரக் குடும்பம், உள்ளே பெண்கள் அவர்கள் வீட்டு மொழியில் சொல்லிச் சொல்லி அழுதார்கள். எனக்கு அந்த மொழி புரியாது. அழுகை புரிந்தது. வெளியே பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் தமிழில் பேசினார்கள். எங்கள் பழைய நிறுவனத்தின் பெரியவர்கள்கூட வந்திருந்தார்கள். ஒருவர், "அந்தம்மா தெய்வம்" என்றார். இன்னொருவர், "ஒரு குறை சொல்ல முடியாது" என்றார். எனக்கு அழுகையைவிட எரிச்சல்தான் முந்திக்கொண்டு வந்தது. குறை சொல்ல முடியாதவர் என்றால் இவர்கள் எதற்காக அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள்? செத்தவரைப் பற்றி நல்லதைத்தான் பேச வேண்டும் என்பது எல்லா மதத்திலும் உள்ளதுதான். ஆனால் அந்தப் பந்தலில் பேசப்பட்ட பெண்மணியோடு நான் ஒருநாளும் வேலை பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த சாரதா அக்காவை எழுதுகிறேன்.

முதலில் நல்லதையே சொல்லிவிடுகிறேன். கை கழுவுவதைப் பற்றிப் பேசக் கூப்பிட்டால் எந்த ஊரில் கூட்டம் சேரும்? ஒரு முறை, கூட்டம் தொடங்குமுன் யாருக்கும் தெரியாமல் தன் உள்ளங்கையில் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைத் தடவிக்கொண்டார். வந்த பெண்களையெல்லாம் கையைப் பிடித்து உட்கார வைத்தார். குழந்தைகளின் கன்னத்தைக் கிள்ளினார். பானைக்குள் செம்பை விட்டு, விரல் நனைய நனையத் தண்ணீர் மொண்டு எல்லாருக்கும் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் ஒருத்தியின் கன்னத்தில் நீலம், ஒருத்தியின் மூக்கில் நீலம், பானைத் தண்ணீரே நீலம். "இது சாயம், கண்ணுக்குத் தெரியுது. கக்கூஸ் போயிட்டு வந்த கையில இருக்கறது தெரியாது. அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. பானைக்குச் சொந்தக்காரி மட்டும் சிரிக்கவில்லை. "ஒரு கொடம் தண்ணி பாழாப் போச்சே, யாரு தூக்கியாறது?" என்று சண்டைக்கு வந்தாள். அக்கா ஒன்றும் பேசாமல் அந்தப் பானையைக் கழுவி இடுப்பில் வைத்துக்கொண்டு அடிபம்புக்குப் போய் நிறைத்துக்கொண்டு வந்து வைத்தார். அதற்குப் பிறகு அந்த ஊரில் நீளக்காம்பு வைத்த அகப்பை வாங்காத வீடு இல்லை.

எந்த ஊருக்குப் போனாலும் முதலில் யார் வீட்டிலாவது தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிப்பார். அந்தத் தண்ணீர் மோசமானது என்று நான் முந்தின வாரம்தான் சோதித்துச் சொல்லியிருப்பேன். அப்படியும் குடிப்பார். நான் வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டுபோவேன். "உனக்கு உசுரு மேல ஆசை அதிகம் மெகரு" என்று கேலி செய்வார். "உங்களுக்கு ஆஸ்பத்திரி மேல ஆசை அதிகம்" என்பேன் நான். டைபாய்டும் காமாலையும் அவருக்கு மாறி மாறி வந்தன. "அவங்க குடிக்கறத நான் குடிக்கலேன்னா அவங்க வீட்டு அடுப்படியில நின்னு பேச எனக்கு என்ன உரிமை இருக்கு?" என்று கேட்பார். வீண் பிடிவாதம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அடுப்படிவரை அவரை விட்டார்கள், என்னை விடவில்லை என்பதும் உண்மை.

இப்போது ஆவாரம்பொட்டலுக்கு வருகிறேன். அந்த ஊரைப் பற்றிப் பேசாமல் அவருக்கு அஞ்சலி எழுதுவது, வேரை விட்டுவிட்டுக் கிளையைக் கும்பிடுவது.

மேடும் பாறையுமான ஊர். மேல்நிலைத் தொட்டி ஒன்று உண்டு; ஊர்க்காரர்களுக்கு அது டேங்க். அதிலிருந்து வரும் குழாய் ஊருக்குள் நுழையும் இடத்தில் ஒரு வால்வு குழி. சாக்கடை அதை ஒட்டித்தான் ஓடும். தண்ணீர் விடாத நேரத்தில் குழாய் வெறுமையாகி, குழியில் தேங்கியதை உள்ளே இழுத்துக்கொள்ளும். குழியை மாற்றிக் கட்ட எத்தனையோ மனு கொடுத்தும் நடக்கவில்லை. ஆகவே டேங்கில் பிளீச்சிங் பவுடர் போடுவது ஒன்றுதான் காவல். அதற்கு அந்த ஊரைச் சம்மதிக்க வைக்க அக்கா பட்டபாடு கொஞ்சமில்லை. "மருந்து வாடை அடிக்குது", "காப்பி திரிஞ்சு போகுது", "ஆம்பளைங்களுக்கு ஆகாதாம்ல" என்று ஆளுக்கொரு பேச்சு. அதையெல்லாம் தாண்டித்தான் டேங்க் பார்த்துக்கொள்ளும் மாயாண்டி அண்ணன் தினமும் பவுடர் கரைத்து ஊற்றத் தொடங்கியிருந்தார்.

அந்த வருஷம் அம்மன் கோயில் திருவிழாவுக்கு முன் ஊர்ப் பெரியவர் எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். அங்கே ஊர்ப் பெரியவரை அம்பலம் என்பார்கள். கோயிலில் முதல் மரியாதை அவருக்குத்தான். மரியாதையாகத்தான் பேசினார்.

"டீச்சர், நீங்க சொன்னீகன்னு வருசம் பூரா மருந்துத் தண்ணி குடிக்கிறோம். ஆனா ஆத்தாளுக்குப் பொங்க வைக்கிற தண்ணியில மருந்து வாடை அடிக்கக் கூடாது. பொங்கல், கெடாவெட்டு, முளைப்பாரி, இந்த மூணு நாளைக்கு நிப்பாட்டிக்கிருவோம். முடியாதுன்னா சொல்லுங்க, ஊரு பழைய கெணத்துக்கே போயிக்கிரும். பெறகு திரும்பி வராது."

பழைய கிணறு திறந்த கிணறு. அதில் என்னென்ன கிடக்கும் என்று எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும். அவர், "அந்த மூணு நாளும் ஒவ்வொரு வீட்லயும் தண்ணியக் கொதிக்க வச்சு ஆறவச்சுத்தான் குடிக்கணும். சம்மதமா?" என்று கேட்டார். "அதுக்கென்ன டீச்சர், தாராளமா" என்றார் அம்பலம். அக்கா சரி என்றார். போகிற வழியில் மாயாண்டி அண்ணனிடம் அவரே நேரில் சொன்னார். "மூணு நாளைக்குப் போட வேண்டாம்ணே."

பஸ்ஸில் நான் அவரை விடவில்லை. "திருவிழா வீட்டுல, சொந்தக்காரங்க நெரியிற வீட்டுல, எவளுக்கா உலை வச்சுத் தண்ணி கொதிக்கவைக்க நேரம் இருக்கும்?" என்று கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வருஷம் முழுக்கப் போடணும்னா மூணு நாள் விட்டுக்குடுத்துத்தான் ஆகணும் மெகரு. காப்புக் கட்டின ஊர்ல அடம் பிடிக்கக் கூடாது. நானும் அம்மனுக்கு விரதம் இருக்கறவதான். எனக்குத் தெரியும்." நீங்கள் ஒத்துக்கொண்டது தப்பு என்று சொன்னேன்.

அந்தப் பக்கத்துத் திருவிழாக்களை அறியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால், கையில் மஞ்சள் கயிறு கட்டியவர்கள் அதை அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தீச்சட்டி எடுக்கிற ஆண்கள், முளைப்பாரி சுமக்கிற பெண்கள் எல்லாருக்கும் அது பொருந்தும். சாவே வந்தாலும் தாண்ட மாட்டார்கள். தாண்டினால் அம்மன் குடும்பத்தில் ஒரு உயிரை எடுத்துவிடுவாள் என்பது அங்கே கேள்வி கேட்கப்படாத நம்பிக்கை.

கிடா வெட்டிய மறுநாள் அந்த ஊரைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் போனில் அழைத்தார். வெட்டிய கிடாக்களைக் கழுவிய தண்ணீர் முழுக்க அந்தச் சாக்கடையில்தான் ஓடியிருக்கிறது. வால்வு குழி மூழ்கிக் கிடந்திருக்கிறது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஊர் முழுக்க வாந்தியும் பேதியும். ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது; நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு, ஜன்னல் கம்பியில் குளுக்கோஸ் பாட்டில்களைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். நான் குழாய்த் தண்ணீரைப் பிடித்து சோதனைச் சொட்டு விட்டுப் பார்த்தேன். பிளீச்சிங் பவுடர் இருந்தால் மஞ்சளாக வேண்டும். அது நிறம் மாறாமலே நின்றது. அக்காவிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, "சரி, போ, உப்பு சர்க்கரை கரை" என்று மட்டும் சொன்னார்.

பெரியவர்கள் பலர் தேறிவிட்டார்கள். செல்லப்பாண்டியின் மகள் ஓவியா தேறவில்லை. பேச்சு வந்து கொஞ்சநாள்தான் ஆகியிருந்த குழந்தை. கண் உள்ளே போய்விட்டது. அழுதால் கண்ணீர் வரவில்லை. நரம்பு கிடைக்காமல் நர்ஸ் மாற்றி மாற்றிக் குத்திப் பார்த்துவிட்டு, "இங்க வச்சுப் பார்க்க முடியாது, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க" என்றார். வண்டி வந்து நின்றது.

செல்லப்பாண்டி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். வண்டியில் ஏறவில்லை. அதைப் பின்னால் வரச் சொல்லிவிட்டு எல்லைக்கல்வரை நடந்தார். அங்கே நின்று, கல்லுக்கு அந்தப் பக்கம் நின்ற சாரதா அக்காவின் கையில் குழந்தையைக் கொடுத்தார். செல்லப்பாண்டியின் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு இருந்தது. "நான் தாண்டுனா ஊருக்கு ஆகாது டீச்சர். நீங்க கொண்டு போங்க" என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்தார். நான் அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். கயிற்றை அறுத்தால் மகள் செத்துவிடுவாள் என்று அவர் உண்மையாகவே நம்பினார்.

அவர் மனைவி பஞ்சவர்ணம் பின்னாலேயே ஓடிவந்தாள். முளைப்பாரிக்காக அவள் கையிலும் காப்பு இருந்தது. "டீச்சர், நான் வரலாமா?" என்று கேட்டாள். அவளுக்குப் பின்னாலிருந்து மாமியாரும் நாலைந்து பெண்களும், "ஏத்தா, தாண்டாத, தாண்டாத" என்று கத்தினார்கள். அக்கா சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "அது உன் புள்ள. உன்னைய வராதன்னு சொல்ல நான் யாரு?" பஞ்சவர்ணம் மணிக்கட்டை வாய்க்குக் கொண்டுபோய்ப் பல்லால் கயிற்றைக் கடித்து அறுத்தாள். கல்லைத் தாண்டி வந்து வண்டியில் ஏறினாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே குழந்தை அடங்கிவிட்டது. அக்கா மடியில்தான் இருந்தது. அது போனதை முதலில் உணர்ந்தவர் அவர்தான். ஆனாலும் ஆஸ்பத்திரி வாசல்வரை சொல்லவில்லை. பஞ்சவர்ணம் குழந்தையின் கால்களைத் தேய்த்துக்கொண்டே வந்தாள்.

மேலிருந்து அதிகாரிகள் விசாரிக்க வந்தபோது திருவிழாப் பந்தல் இன்னும் பிரிக்கப்படவில்லை. அதற்குள்ளேயே நாற்காலி போட்டார்கள். அம்பலம் எழுந்து, "டேங்க் பாக்குற மாயாண்டி மருந்து போட மறந்துட்டான். தண்ணியப் போட்டுட்டுப் படுத்திருப்பான்" என்றார். கூட்டம் ஆமாம் என்றது. மாயாண்டி அண்ணன் காலனிக்காரர். அந்தப் பந்தலுக்குள் வர அனுமதி இல்லாமல் வெளியே வெயிலில் கைகட்டி நின்றார். மறுத்துப் பேச அவருக்கு அங்கே வாய் கிடையாது. வேலை போவதோடு நின்றால் பரவாயில்லை என்ற பயம் அவர் முகத்தில் தெரிந்தது.

அக்கா எழுந்தார். "அவர் மறக்கல. போட வேண்டாம்னு ஊர் கேட்டது. சரின்னு நான் சொன்னேன். அவர்கிட்டப் போய்ப் போடாதீங்கன்னு சொன்னதும் நான்தான். எழுதிக்கோங்க" என்றார். எங்கள் நிறுவனத்துப் பெரியவர் அக்காவின் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுக்காத குறை. அக்கா உட்காரவில்லை. அதையே இன்னொரு தரம், எழுதுகிறவர் எழுதும் வேகத்துக்கு நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

மாயாண்டி அண்ணன் வேலை தப்பியது. அக்காவை நிறுவனம் அனுப்பிவிட்டது. நிறுவனத்தின் பெயர் கெட்டுவிட்டதாம். உண்மையைச் சொன்னால், தப்புச் செய்தவரை அனுப்பியது தப்பென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் அனுப்பியது தப்புச் செய்ததற்காக அல்ல, அதைச் சபையில் சொன்னதற்காக.

ஊர் சும்மா இருக்குமா? மாயாண்டி மேல் போட முடியாமல் போன பழியை வைக்க இன்னொரு இடம் தேடியது. கிடைத்தது. பஞ்சவர்ணம் காப்பை அறுத்தாள். ஆத்தா பிள்ளையை எடுத்துக்கொண்டாள். தண்ணீராவது, மருந்தாவது? அம்புட்டுப் பேர் குடித்தார்களே, அவர்கள் பிள்ளைகளெல்லாம் பிழைத்துக்கொள்ளவில்லையா? இந்தப் பேச்சு முதலில் மாமியாரிடமிருந்து வந்தது. கொஞ்ச நாளில் ஊர்ப் பேச்சானது. நல்லது கெட்டதுக்கு அவளை அழைப்பது நின்றது. முளைப்பாரிக்கு அவள் பெயர் கொடுக்க முடியவில்லை. குழாயடியில் எல்லாரும் பிடித்து முடித்தபிறகுதான் அவள் குடத்தை வைப்பாள். குழந்தையின் பெயரை யாரும் சொல்வதில்லை. "அந்தத் திருவிழாச் சாவு" என்பார்கள்.

சம்பளம் இல்லை, நிறுவனம் இல்லை. ஆனாலும் அக்கா மாதம் ஒருமுறை மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி ஆவாரம்பொட்டலுக்குப் போனார். தண்ணீர் விடும் நேரம் பார்த்து டேங்க் அடியில் நிற்பார். கை கழுவுவதைப் பற்றி, பானையை மூடி வைப்பதைப் பற்றி எப்போதும்போலப் பேசுவார். ஆனால் அதற்கு முன்னால், வணக்கம் சொல்வதுபோல, ஒவ்வொரு முறையும் இதைச் சொல்வார்:

"செல்லப்பாண்டி பஞ்சவர்ணம் மகள் ஓவியா, இந்தக் குழாய்த் தண்ணியக் குடிச்சுத்தான் செத்தா. மருந்து போடாத தண்ணி. போட வேண்டாம்னு ஒத்துக்கிட்டது நான். அவ அம்மா காப்ப அறுத்ததுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

பிறகு சோப்பை எடுப்பார்.

முதலில் பெண்கள் பாதிக் குடத்தோடு கிளம்பிப் போனார்கள். அம்பலத்தின் மகன் மினிபஸ் டிரைவரிடம், "அண்ணே, அந்தம்மாவ எங்க ஊர்ல எறக்காத" என்று சொல்லிவைத்தான். அக்கா அடுத்த ஊரில் இறங்கி வெயிலில் திரும்பி நடந்து வந்தார். "திருவிழா ஊருல பொணத்தப் பத்தியே பேசுறீகளே, வெளங்குமா?" என்று ஒரு பெண் கேட்டாள். "பேசாம விட்டுத்தான் வெளங்காமப் போச்சு" என்றார் அக்கா. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு எந்தத் திருவிழாவிலும் அந்த ஊர் டேங்கில் மருந்து போடுவது நிற்கவில்லை. பொங்கலுக்கான தண்ணீரை முந்தின நாளே அண்டாக்களில் பிடித்து வாயைத் துணியால் கட்டி வைத்தார்கள். விடிவதற்குள் வாடை போய்விடுகிறது. "இம்புட்டுத்தானா!" என்றாராம் அம்பலம். அதை என்னிடம் சொல்லிவிட்டு அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "எனக்குத் தெரிஞ்ச விஷயம் மெகரு. அவரு கேட்ட நேரத்துல வாயில வரல. வந்திருந்தா அந்தப் புள்ள பள்ளிக்கூடம் போயிட்டிருக்கும்."

ஒருமுறை நானும் கூடப் போனேன். அவர் அந்த வாக்கியங்களைச் சொல்லும்போது பஞ்சவர்ணம் கூட்டத்துக்குப் பின்னால் குடத்தோடு நின்றாள். கண்ணைத் தரையிலிருந்து எடுக்கவில்லை. சொல்லி முடித்ததும் சோப்புப் பாடத்துக்கு நிற்காமல் போய்விட்டாள். திரும்பும் வழியில் வழக்கம்போலச் சண்டை பிடித்தேன். "பெத்தவள நிக்க வச்சு மாசாமாசம் புண்ணக் கிளறுறீங்களே, உங்க மனசாட்சிக்கு அவளப் பலி குடுக்குறீங்களா?" என்று கேட்டேன். கடுமையாகத்தான் கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அவ எங்கிட்டப் பேசுனதே இல்ல. முகத்தப் பார்த்ததும் இல்ல. ஆனா ஒரு மாசம்கூட வராம இருந்ததில்ல. அவ வந்து நிக்கிற வரைக்கும் நானும் வருவேன்" என்றார்.

அவர் இறந்த செய்தியை ஆவாரம்பொட்டலுக்குச் சொல்ல ஆள் இல்லை. நானே போனேன். அவருடைய பொறுமையைப் பற்றி, உழைப்பைப் பற்றிப் பேச நாலு நல்ல வார்த்தை மனத்துக்குள் அடுக்கி வைத்திருந்தேன். முதலில் மாயாண்டி அண்ணனைப் பார்த்தேன். டேங்க் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு பஞ்சவர்ணத்தின் வீட்டுக்குப் போனேன். அவள் ஆட்டுக்குக் குழையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள்.

"செத்துட்டாகளா?" என்றாள். கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள். பிறகு ஒரே மூச்சில் பேசினாள்.

"அவுக மேல எனக்கு இருக்க கோவம் போகலக்கா. போகவும் போகாது. சரின்னு சொல்லாம இருந்திருந்தா எம்புள்ள இருந்திருக்கும். அவுக சாவுக்கு எனக்கு அழுக வரல. ஆனா இனிமே யாரு வந்து சொல்லுவா அக்கா? அவுக சொல்லச் சொல்லத்தான் எங்க மாமியா வாயி கொஞ்சம் அடங்கிக் கெடந்துச்சு. போன மாசம் எங்க வீட்டுக்காரரே, 'நீ அறுக்காட்டியும் அது போயிருக்கும்'னாரு. இம்புட்டு நாளைக்குப் பெறகு இப்பத்தான் சொன்னாரு. சொல்ற ஆளு போயிட்டா, மறுபடியும் நாந்தான் கொன்னேன்னு ஆயிரும்."

சாரதா அக்கா தன் மனபாரத்தை இறக்கிவைக்க அந்த ஊருக்குப் போனார் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். அவர் போனது இவள் தலையிலிருந்ததை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொள்ள. மாதம் தவறாமல் வைத்துக்கொண்டார்.

"நான் வாரேன் பஞ்சவர்ணம். மாசாமாசம் நான் வந்து சொல்றேன்" என்றேன்.

"இன்னைக்கே சொல்லுங்க. தண்ணி விடுற நேரந்தான்" என்றாள்.

அவரை அறிந்த நீங்கள் ஒவ்வொருவரும் அவரிடமிருந்து எதையாவது எடுத்து வைத்திருப்பீர்கள். பொறுமையை, சிரிப்பை, சொட்டு நீலத்தை. அதெல்லாம் உங்களிடமே இருக்கட்டும். என் பங்குக்கு நான் எடுத்துக்கொண்டது அவருடைய தவறு. அதை மறைக்காமல், குறைக்காமல், அவர் பெயரோடு சேர்த்து அந்த ஊரில் சொல்லிக்கொண்டிருப்பதுதான் நான் அவருக்குச் செய்கிற மரியாதை. அக்காவின் மேல் எனக்கிருந்த கோபமும் தீரவில்லை, அதையும் வைத்துக்கொள்கிறேன்.

டேங்க் அடியில் பெண்கள் சேர்ந்திருந்தார்கள். சேதி பரவிவிட்டது, இரண்டொருவர் கண்ணைத் துடைத்தார்கள். செத்தவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை கேட்கத்தான் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். தணிந்த குரலில் சொன்னேன். ஓவியா இந்தத் தண்ணீரால் இறந்தாள். மருந்து போடாத தண்ணீர். போட வேண்டாமென்று ஒத்துக்கொண்டது சாரதா டீச்சர். காப்பு அறுத்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பின்வரிசையில் பஞ்சவர்ணம் குடத்தைக் கீழே வைத்தாள். அந்த டேங்க் அடியில் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

"சத்தமாச் சொல்லுங்கக்கா," என்றாள். "எங்க மாமியா வீட்டுக்குள்ள இருக்கு."